மூன்று படி மல்லாட்டை

அஞ்சலாட்சிக்கு வலது கட்டைவிரல் வலித்தது. அந்த விரல் கடைசியாகக் காய் உடைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. வேலை விட்டுப்போயும் வலி விடவில்லை. விடிந்ததும் நகக்கண்ணில் தொடங்கும், மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும், முழங்கைக்கு வந்து உட்கார்ந்துவிடும். மார்கழிக் குளிரில் இன்னும் மோசம். சுடுதண்ணீரில் கையை முக்கி வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

வேலைக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. குடியிருக்கும் வீடே விதைக் கம்பெனி கொடுத்தது. வாசலில் இறங்கினால் எதிரே முளைப்பறை. உள்ளே தட்டுத் தட்டாக இரும்பு அடுக்குகள். ஒவ்வொரு தட்டிலும் செத்த மண், அதில் பதித்த மல்லாட்டைப் பயிறு, அதாவது வேர்க்கடலைப் பருப்பு, மேலே நனைத்த கோணி. கோணி காயாமல் தண்ணீர் தெளிப்பதும், மூன்றாம் நாள் தூக்கிப் பார்த்து முளைத்ததை எண்ணிச் சொல்வதும் அவள் வேலை.

செத்த மண் என்று ஊரில் யாரும் கோபத்தில் சொல்வதில்லை. மண்ணுக்கே அதுதான் பேர். களைக்கொல்லி அடித்து அடித்து, ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிப் பாய்ச்சி, மூன்று ஜில்லாவில் மண் அப்படி ஆகிப்போனது. வெறும் விதையைப் போட்டால் இரண்டே நாளில் கறுத்து நாறிவிடும். கம்பெனி உறை பூசிய விதை மட்டும்தான் முளைக்கும். அந்த உறை மருந்தில்லை. உயிருள்ள பாக்டீரியாக் கூட்டத்தை வளர்த்து, காயவைத்து, மாவாக்கிப் பூசுவது. அந்தக் கூட்டம் முதல்முதலில் வந்தது காய் உடைக்கிற ஒரு பொம்பளையின் வாயிலிருந்து. அதனால் ஒவ்வொரு விதை மூட்டையிலும் அவள் முகத்தை அச்சடித்திருந்தார்கள். அஞ்சலாட்சி சிரிக்கிற படம். படம் எடுத்தவன் சிரிக்கச் சொன்னான். சிரித்தாள்.

இந்த வருஷம் விதை முளைக்கவில்லை.

கம்பெனி கேட்டில் இருபது முப்பது குடியானவர்கள் மூட்டைகளோடு நின்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டில் நழுவப் பார்த்தாள்.

"தோ, மூட்டைல சிரிக்கிறவ போறாடா!"

"ஏம்மா, படத்துல சிரிச்சது போதும். என் அஞ்சு ஏக்கர்ல வந்து ஒருக்கா சிரி, மொளைக்குதா பாப்போம்."

"அவ இன்னாடா பண்ணுவா, அவளும் கூலிக்காரிதான்."

"கூலிக்காரிக்கு மாடி வூடாடா?"

கீழே கிடந்த மூட்டை ஒன்றில் அவள் முகத்தின்மேல் யாரோ சாணியை அப்பியிருந்தார்கள். பற்கள் மட்டும் தெரிந்தன. அஞ்சலாட்சிக்கு அதில் வருத்தமில்லை. அந்த முகம் அங்கே இருந்திருக்கவே கூடாது என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முளைப்பறைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல மூக்கைத்தான் முன்னே விட்டாள். விதை ஊறி இரண்டாம் நாள் கோணிக்கு அடியிலிருந்து ஒரு வாடை கிளம்பும். பச்சை மல்லாட்டையை மென்ற வாடை, வேப்பங்குச்சியின் கசப்பு, அடியில் துருப்பிடித்த இரும்பு மாதிரி லேசாக ரத்த வாடை. மற்றவர்களுக்கு அது முளைவிடுகிற வாடை. அஞ்சலாட்சிக்கு அது வேடியம்மா, அந்தக் காலத்தில் கூட உட்கார்ந்து காய் உடைத்தவள். பக்கத்தில் உட்கார்ந்து காதருகே குனிந்து, "ஏண்டி, மேஸ்திரி போய்ட்டானா?" என்று கேட்கும்போது வருகிற மூச்சு. செத்து ஒன்பது வருஷம் ஆனவளின் மூச்சு, நாலாயிரம் தட்டுகளிலிருந்து ஒரே சமயத்தில் கிளம்பும். முதல் வருஷங்களில் அவள் முக்காட்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். சளி என்று சொல்லிக்கொண்டாள்.

இன்று அந்த வாடை இல்லை. அழுகல் நாற்றம் மட்டும் இருந்தது. கோணியைத் தூக்கினாள். கறுத்த பயிறு விரல் பட்டதும் நசுங்கியது. வாடை போனால் நிம்மதி வரும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். இப்போது அவளை இன்னொரு முறை சாகவிட்ட மாதிரி இருந்தது.

"அஞ்சலாட்சியம்மா, ஒரு டீ குடிக்கலாம் வாங்க."

கூப்பிட்டது டாக்டர் ஜெமிமா. ஆறு மாசத்துக்கு முன்னால் வந்தவர், பாக்டீரியா படித்த டாக்டர். நாகர்கோவில் பக்கம். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் மாசம் ஒரு தடவை அஞ்சலாட்சியின் வாயில் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்து எடுத்துப்போவார்கள். அதை என்ன செய்தார்களோ, யாரும் எதுவும் கேட்டதில்லை. இந்த அம்மா வந்த மறுவாரமே எடுத்ததை உட்கார்ந்து சோதித்துப் பார்த்தவர்.

கேன்டீனில் ஆளில்லை. ஜெமிமா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"வெதைக்குள்ள தண்ணி போனதும் என்ன நடக்கும் தெரியுமா? சக்கரை கசியும். சுத்தி இருக்கிற கிருமியெல்லாம் அந்த வாசனைக்கு ஓடி வரும். பந்தி மாதிரி. யாரு முதல்ல எலைல உக்காருறாங்களோ அவங்களுக்குத்தான் சாப்பாடு. நல்லது முதல்ல உக்காந்துட்டா, அழுக வைக்கிறதுக்கு எடம் கெடையாது. ரெண்டு நாளுதான் அந்தப் பந்தி. அதுக்குள்ள முடிவாயிடும்."

"நம்ம உறைல நல்லதுதானம்மா இருக்குது?"

"இருந்துச்சு. நாப்பத்தி மூணு ஜாதி சேந்து இருந்த கூட்டம். பதினொரு வருஷமா டேங்க்ல வளத்து வளத்து, வேலை தெரிஞ்ச ஜாதியெல்லாம் ஒண்ணொண்ணா போயிடுச்சு. சும்மா தின்னுட்டுக் கெடக்கிறதுதான் மிச்சம். பழையபடி ஆளு வாயிலேருந்து எடுத்தாத்தான் உண்டு."

அஞ்சலாட்சி முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வாயில அதுல ஒண்ணுகூட இல்லம்மா."

டீ டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"வயசாச்சுன்னா வாயி மாறும்னு எனக்கு முன்னாடி இருந்தவங்க எழுதி வச்சிருக்காங்க. நான் அந்தப் பழைய பையத் தேடி எடுத்தேன். உங்க பேரு எழுதின துணிப்பை. அதுல மிச்சம் கெடந்த பயிறுல ஒட்டின எச்சில்ல ஆளோட அடையாளமும் இருக்கும். அது நீங்க இல்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. "மாட்டிவிட நான் வரல. வெதைப்புப் பட்டம் முடிய இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அது யாரு?"

பதினோரு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்கள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. விரல்தான் வலித்தது.

அன்றைக்கும் இந்த விரல்தான். மெஷினில் உடைத்தால் பயிற்றின் தோல் உரிந்துவிடும், விதைக்கு ஆகாது என்பதால் விதை மல்லாட்டையைப் பொம்பளைகள்தான் கையால் உடைப்பார்கள். யார் உடைத்த பயிறு செத்த மண்ணில் முளைக்கிறது என்று பார்க்கக் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக வந்து, உடைக்கிற ஒவ்வொருத்திக்கும் பேரெழுதிய துணிப்பை கொடுத்தார்கள். நானூறு பைகள். சாயங்காலத்துக்குள் மூன்று படி உடைத்தால்தான் மறுநாள் வேலை. "வாயி வெக்காதீங்க, கையால ஒடைங்க" என்று மேஸ்திரி கோதண்டம் கத்திக்கொண்டே நடப்பான். அவன் முதுகைக் காட்டியதும் அத்தனை பேரும் கடிப்பார்கள். கட்டைவிரல் மரத்துப்போனால் பல்தானே மிச்சம்.

அன்று காலையிலேயே அஞ்சலாட்சிக்கு நகம் பெயர்ந்துவிட்டது. புருஷன் செத்து நாற்பது நாள். வீட்டில் பையன் பட்டினி. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளின் பையை வேடியம்மா வெடுக்கென்று இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூக்க சிந்தாதடி, பயிறு ஊறிப்பூடும். இன்னிக்கு உனுக்கு நான், நாளைக்கு எனுக்கு நீ. போயி ஓட்டக் கூட்டித் தள்ளு."

அது அவர்களுக்குள் பழக்கம்தான். கை போனவளின் பையில் பக்கத்தில் இருக்கிறவள் உடைத்துப் போடுவாள். மறுநாள் திருப்பிவிடுவார்கள். யாரும் எழுதிவைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை. வேடியம்மாவின் கடைவாய்ப்பல் ஒன்று அப்போதே சொத்தை, சீழ் பிடித்திருந்தது. மறுபக்கத்துப் பல்லால் கடித்துக் கடித்து மூன்று படியும் நிரப்பினாள். அவள் பை காலியாகத்தான் போனது. "இன்னா, இன்னிக்கு வேலைக்கு வந்தியா வெளையாட வந்தியா?" என்று கோதண்டம் அவள் பேரை அடித்தான்.

அந்த மறுநாள் வரவேயில்லை. நானூறு பையையும் செத்த மண்ணில் வரிசை வரிசையாக விதைத்தார்கள். ஒரே ஒரு வரிசை பச்சையாக எழுந்தது. அதன் தலைமாட்டில் குச்சியில் கட்டியிருந்த பேர் அஞ்சலாட்சி. கம்பெனி கார் அவள் குடிசை வாசலில் வந்து நின்றபோது வேடியம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள்கூட. "போடி, உம் புள்ளைக்காவது சோறு கெடைக்கட்டும்" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் அஞ்சலாட்சி தூங்கியிருப்பாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வேடியம்மா தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் முகமே இல்லை, வீக்கம்தான் இருந்தது. பேச முடியாமல் பேசினாள். "உங்க கம்பெனி டாக்டருகிட்ட ஒரு தபா காட்டேன்டி." டாக்டர் உள்ளே இருந்தார். கம்பெனி டாக்டர் யார் வாயைப் பார்த்தாலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துவிடுவார். எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் வீடு போய்விடும்.

"இன்னிக்கு அவுரு லீவுடி" என்றாள் அஞ்சலாட்சி.

ஜன்னலுக்கு உள்ளே டாக்டர் இருமிய சத்தத்தை இரண்டு பேருமே கேட்டார்கள். வேடியம்மா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செத்தாள்.

எல்லாவற்றையும் அஞ்சலாட்சி டீ ஆறிப்போகும்வரை சொன்னாள். கடைசியில் ஜெமிமா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

"சின்னதுல மென்னு ஊட்டியிருப்பாங்களா?"

"மல்லாட்டைய மென்னு ஊட்டாத ஆத்தா எங்க ஊருல ஏதும்மா?"

ஜெமிமா எழுந்து கார் சாவியை எடுத்தார்.

செங்கல் சூளைக்குப் போய்ச் சேரும்போது காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வேடியம்மா மகள் ரேணுகா சேறு அப்பிய கையோடு கல் அறுத்துக்கொண்டிருந்தாள். அச்சைக் கவிழ்த்து, தட்டி, எடுத்து, அடுத்தது. நிமிர்ந்து அஞ்சலாட்சியைப் பார்த்தவள் கையை நிறுத்தவில்லை.

"வாங்க" என்றாள்.

அஞ்சலாட்சிக்கு அந்த 'வாங்க' செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பாவாடை கட்டின வயசில் "சின்னம்மா, வா, எனுக்கு இன்னா வாங்கியாந்த?" என்று மடியைப் பிடித்து உலுக்கியவள். இப்போது கம்பெனிக்காரிக்குக் கொடுக்கிற மரியாதை.

அவள் குடிசைக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு நிலம். நாலு பாத்தி. அதில் மல்லாட்டை பூத்துக் கிடந்தது. ஜெமிமா அதையே பார்த்தார்.

"இது என்ன உறை?"

"உறையாவது மண்ணாங்கட்டியாவது. எங்கம்மா கடிச்சி ஒடைக்கும், நானும் கடிச்சி ஒடைக்கறேன். அது பாட்டுக்கு மொளைக்குது." அவள் இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது. பேசும்போது அந்தப் பக்கத்தை அசைக்காமல் பேசினாள்.

அஞ்சலாட்சி சொல்லத் தொடங்கினாள். பாதியில் ரேணுகா கையைக் காட்டினாள்.

"தெரியும். சாவறதுக்கு மொத நாளு அம்மா சொல்லிச்சி. டாக்டரு இருமினதையும் சொல்லிச்சி."

"தெரிஞ்சா ஏண்டி எங்கியும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? மூட்டைல உங்க மூஞ்சி இருக்குது. எங்கம்மா மூஞ்சிய யாரு பாத்தா?" அடுத்த கல்லைத் தட்டி வைத்தாள். "இதே சூளையில உமி ரொப்பின அந்தப் பழைய மூட்டைய அது முதுவுல சொமந்து எறக்கிச்சி, தெரியுமா? உங்க மூஞ்சி அது முதுவுல."

ஜெமிமா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். சேறு சேலையில் ஒட்டியது, கவனிக்கவில்லை. எதற்கு வந்தோம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். மூன்று ஜில்லா விதைப்பு, பன்னிரண்டு நாள், அவள் வாயில் இருக்கிறது.

"அந்தப் பல்லையும் நான் பாக்கணும்மா. சீழ் வச்சிருக்கு. மருந்து குடுத்தா ஆறிடும். ஆனா மருந்து உள்ள போனதும் அந்தக் கூட்டமும் செத்துடும். அது வாழுறதே அந்தப் புண்ணுலதான். கம்பெனிக்குத் தெரிஞ்சா புண்ணு ஆறக்கூடாதுன்னு காசு குடுப்பாங்க. நான் இன்னிக்கு எடுத்துட்டு, இன்னிக்கே மருந்து குடுத்துடுவேன்."

ரேணுகா முதல் தடவையாகக் கையை நிறுத்தினாள். சிரித்தாள். சிரித்ததும் கன்னம் வலித்திருக்க வேண்டும், உடனே நின்றது.

"அப்ப எங்கம்மா புண்ணுலதான் மூணு ஜில்லாவும் பயிரு பண்ணிச்சா?"



அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டுக் குடிசைக்குள் போனாள். ஒரு முறம் நிறைய காயும், ஒரு பித்தளைப் படியும் கொண்டுவந்து அஞ்சலாட்சி முன்னால் வைத்தாள்.

"எங்கம்மாவுக்கு நீங்க மூணு படி தரணும். மறுநாளு ஒடைச்சித் தரேன்னீங்களாம். கடைசி வரைக்கும் அத சொல்லிச்சி. வூட்ட கேக்கல, மூட்டைல மூஞ்சிய கேக்கல. 'மூணு படி ஒடைச்சேன்டி, ஒருக்கா வந்து ஒடைச்சிக் குடுத்திருக்கலாம் அவ'ன்னு மட்டும்தான் சொல்லிச்சி. ஒடைங்க. அப்புறம் வாயத் தொறக்கறேன்."

அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்தாள். முதல் காயை எடுத்துக் கட்டைவிரலை அழுத்தினாள். வலி தோள்வரைக்கும் பாய்ந்தது. காய் உடைந்தது. அடுத்தது. அடுத்தது. பழைய வேகம் விரலுக்கு நினைவிருந்தது, பலம்தான் இல்லை. கால் படியில் நகக்கண் சிவந்தது. அரைப் படியில் விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இடது கைக்கு மாற்றினாள், நழுவியது. வாயில் வைத்துக் கடித்தாள். முன்பல் மூன்று போன வாய், காய் எச்சிலோடு உருண்டு வெளியே வந்தது.

ஜெமிமா எழுந்தார். "நான் ஒடைக்கட்டுமா?"

"நீங்க தரவேண்டியது ஒண்ணுமில்லியே" என்றாள் ரேணுகா.

அஞ்சலாட்சி மறுபடியும் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். உடைத்தே ஆக வேண்டும், இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கும் வந்து உட்கார வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது, காதருகே அந்த வாடை வந்தது.

பச்சை மல்லாட்டை. வேப்பங்குச்சி. அடியில் ரத்தம்.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். படிக்குள் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு நாலு பயிற்றைப் போட்டது. மறுபடி டொக், டொக்.

ரேணுகா பக்கத்தில் உட்கார்ந்து வலது பக்கத்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் போலவே தலையை ஒருச்சாய்த்து, ஓட்டை நாக்கால் தள்ளி, பயிற்றை மட்டும் உள்ளங்கையில் வாங்கி.

"ஏண்டி..." என்றாள் அஞ்சலாட்சி.

"உங்களுக்காவ இல்ல. வெயிலு ஏறுது. நான் போயி கல்லு அறுக்கணும். இப்படியே பாத்துனு இருந்தா என் கூலிதான் போவும்."

மீதி அரைப் படியை ரேணுகாதான் நிரப்பினாள். பயிறு ஈரமாக, லேசாக இளஞ்சிவப்புக் கறையோடு படிமேல் குவிந்தது. ஜெமிமா குனிந்து பார்த்தார். வேண்டிய கூட்டம் எச்சிலோடு பயிற்றுக்கே வந்துவிட்டது என்று பார்த்ததும் புரிந்துகொண்டார். இனி யாரும் வாயைத் திறக்கத் தேவையில்லை.

"எனக்கு இது ஒரு படி போதும்" என்றார் மெதுவாக.

சுத்தமான பையொன்றை விரித்து அதில் கொட்டிக் கட்டினார். பேனாவை எடுத்தவர் எழுதாமல் நின்றார்.

"யாரு பேரு எழுதணும்?"

ரேணுகா அஞ்சலாட்சியைப் பார்த்தாள். அஞ்சலாட்சி வீட்டை நினைத்தாள், கேட்டில் நின்றவர்களை நினைத்தாள், துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போன முதுகை நினைத்தாள்.

"வேடியம்மான்னு எழுதும்மா" என்றாள். "என் பேர அடிச்சிடு."

"எழுதுறேன். கம்பெனி ஒரு நம்பரத்தான் போடும்மா. அத என்னால தடுக்க முடியும்னு சொல்ல மாட்டேன்."

"நீ எழுது."

எழுதினார். பிறகு மருந்துப் பெட்டியைத் திறந்து மாத்திரைகளை எடுத்து ரேணுகாவின் சேற்றுக் கையில் வைத்தார். ஐந்து நாளைக்கு, வேளை தவறாமல் என்றார். ரேணுகா அங்கேயே ஒன்றை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். நாலு பாத்தியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அடுத்த வருஷம் அது முளைக்குமோ முளைக்காதோ என்று அஞ்சலாட்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

காரில் ஏறும்போது பின்னாலிருந்து ரேணுகா கேட்டாள், "மிச்சத்துக்கு எப்ப வரீங்க?"

"வெரலு அடங்கினதும் வரேன்."

"அடங்காது. அதோடவே வாங்க."

பை அஞ்சலாட்சியின் மடியில் இருந்தது. ஊர் தாண்டும்வரை அது ஈரமாக, உடம்புச் சூட்டோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் முக்காட்டால் மூக்கைக் கட்டவில்லை. அந்தப் படியில் அவள் உடைத்தது அரைப் படி, அவளுக்காக ரேணுகா உடைத்தது அரைப் படி. வேடியம்மாவுக்குத் தர வேண்டியது இரண்டரை. அவள் மகளுக்குத் தர வேண்டியது அரை. ஆக மூன்று படி மல்லாட்டை, இன்னும் பாக்கி.